திரையில் பச்சை, லைனில் பிழை

சிறுசேரிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஃபைபரில் 400ஜி வேவ்லெங்த் (நொடிக்கு 400 கிகாபிட் சுமக்கும் ஒளி அலை) ஒன்று போட்டேன். கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர் மென்பொருளின் திரையில் எல்லாம் பச்சை; ஒளியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்பாண்டரில் மட்டும் பிழை எண்ணிக்கை விறுவிறுவென ஏறியது. "ஃபைபர் முனையில அழுக்கு இருக்கும்ணே" என்றான் ஃபீல்டு தம்பி. துடைத்தும் பலனில்லை.

நெட்கான்ஃப் (கருவிகளின் அமைப்பைப் படிக்க, மாற்ற உதவும் நெறிமுறை) வழியாக, ஒளி அலைகளைப் பிரித்து வழியனுப்பும் ரோடம் கருவியின் கான்ஃபிக்கை இழுத்துப் படித்தபோதுதான் பிடிபட்டது: பழைய 100ஜி டெம்ப்ளேட்டின் 50 கிகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ரோடமின் ஃபில்டர், அதைவிட அகலமான 400ஜி சிக்னலின் இரு ஓரத்தையும் நறுக்கியிருக்கிறது! கட்டளை போய்ச் சேர்ந்ததற்குத்தான் அந்தப் பச்சை, ஒளி சேர்ந்ததற்கு இல்லை. (அதை நம்பி ஒரு மணி நேரம் போச்சு.)

ஃப்ளெக்ஸ்கிரிட்டில் (சேனல் அகலத்தைத் தேவைக்கேற்ப வைக்கும் முறை) அகலம் 12.5 கிகாஹெர்ட்ஸின் மடங்காகத்தான் வரும். ஆறு மடங்காக்கி 75 கொடுத்தேன். பக்கத்துச் சேனலில் இடிக்காமலிருக்க மைய அதிர்வெண்ணையும் நகர்த்தினேன். பிழை இறங்கியது. டெம்ப்ளேட்டைத் திருத்தி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.