பல்கலைக்கழகத்தில் சமூக ஊடகம்: மாணவரும் ஊழியரும் கைக்கொள்ள வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ பீட்டர்மாரிட்சுபர்க்கிலோ உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதற்கென ஒரு வாட்ஸ்அப் குழு தோன்றிவிடுகிறது. வகுப்பறை மாற்றம், ஒப்படைப்புத் தேதி, பேருந்துத் தாமதம் ஆகியவற்றோடு ஒருவருடைய மதிப்பெண்ணும், இன்னொருவருடைய குடும்பச் சிக்கலும், விரிவுரையாளர் பேசியதை அவருக்குத் தெரியாமல் எடுத்த ஒலிப்பதிவும் அதே குழுவில் வந்து சேர்கின்றன. தாமே எழுதியதற்கு மட்டும்தான் தாம் பொறுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். பகிர்வதும், நம் பெயரைப் பிறர் டேக் செய்ய விட்டுவிடுவதும் நம் செயல்களே என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2013 இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றில், ஒரு பெண் தன் கணவரின் முன்னாள் மனைவியைப் பற்றி முகநூலில் அவதூறாக எழுதி, அதில் கணவரை டேக் செய்திருந்தார். கணவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் பதிவுகளைப் பற்றித் தெரிந்திருந்தும் தன் பெயர் அவற்றோடு இணைந்திருக்க அனுமதித்தார் என்பதால் அவரும் பொறுப்பாக்கப்பட்டார். இழப்பீடு 40,000 ரேண்ட். ஆகவே, முகநூல் அமைப்புகளில் உங்களை டேக் செய்யும் பதிவுகள் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே உங்கள் பக்கத்தில் தோன்றும்படி இன்றே மாற்றிவையுங்கள். ஏற்கெனவே உள்ள பதிவு ஒன்று உங்களுக்கு உடன்பாடில்லாததாக இருந்தால், டேக்கை நீக்குவதோடு நிற்காமல், எழுதியவரிடம் பதிவையே எடுத்துவிடும்படி கேளுங்கள்.

பகிரும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. 2021 சூலையில் குவாசுலு-நட்டால், கௌட்டெங் ஆகிய மாகாணங்களில் வெடித்த கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் மிகுதியாக வாழும், டர்பனை அடுத்த பீனிக்ஸிலும் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் யார் சொன்னது, எந்தத் தெருவில் நடந்தது என்று தெரியாத குரல் பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, அண்டை அயலாரிடையே அச்சத்தையும் பகையையும் வளர்த்தன. அதை நேரில் கண்ட தலைமுறைதான் இப்போது பல்கலைக்கழகங்களில் படிக்கிறது; எனவே இந்த எச்சரிக்கையை வெறும் சம்பிரதாயமாகக் கொள்ள வேண்டாம். ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்தக் குறியைக் கண்டால் அனுப்பியவரிடமே 'இது உனக்கு எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2012 முதல் இயங்கிவரும் ஆப்பிரிக்கா செக் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களில் தேடிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். வளாகத்தில் போராட்டம், துப்பாக்கிச் சத்தம், தேர்வு ஒத்திவைப்பு என்று வரும் செய்திகளுக்குப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதே சரி.

இப்படிச் சொல்வதால், மாணவர்கள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. 2015 இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் குடியேற்ற ஆட்சிக்காலத் தலைவரான செசில் ரோட்ஸின் சிலைக்கு எதிராகத் தொடங்கிய குரலும், அதே ஆண்டு அக்டோபரில் நாடெங்கும் எழுந்த கட்டண எதிர்ப்புப் போராட்டமும் ஹேஷ்டேக்குகளின் வழியாகவே வளாகம் விட்டு வளாகம் பரவின. 2016 இல் கட்டண உயர்வு இராது என்ற அறிவிப்பு அதன் பயனாகவே வந்தது. நிர்வாகத்தை விமர்சிப்பது மாணவரின் உரிமை. அரசியலமைப்பின் 16 ஆவது பிரிவு கருத்துரிமையோடு கல்விச் சுதந்திரத்தையும் பாதுகாக்கிறது. ஆனால் இனம், பாலினம், மதம் ஆகியவற்றின் பேரில் வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டும் பேச்சுக்கு அதே பிரிவு பாதுகாப்புத் தருவதில்லை. டர்பன் கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களை இழிவுபடுத்தி 2016 சனவரியில் முகநூலில் எழுதிய ஒருவருக்குச் சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ரேண்ட் செலுத்த உத்தரவிட்டதை இங்கு நினைவுகூரலாம். கட்டணத்தைச் சாடுங்கள், முடிவை எதிர்த்து வாதிடுங்கள், முடிவெடுத்த அலுவலகத்தின் பெயரையும் தேதியையும் குறிப்பிடுங்கள். அங்குப் பணிபுரியும் எழுத்தரின் நிறத்தையும் சாதியையும் குடும்பத்தையும் இழுக்காதீர்கள்.

படங்களைப் பொறுத்தவரை, தைப்பூசக் காவடி நல்ல எடுத்துக்காட்டு. அலகு குத்திக்கொண்டு, தன்னை மறந்த நிலையில் கோயிலை நோக்கி நடக்கும் ஒரு வகுப்புத் தோழரை அருகில் நின்று படமெடுப்பது எளிது. அவருக்கு அது நேர்த்திக்கடன். காணொளியின் கீழே முன்பின் அறியாதவர்கள் எழுதும் கேலிக்கு அவர் ஒப்புதல் தரவில்லை. எனவே விழா முடிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு அவரிடமே படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். துறையின் அல்லது மாணவர் சங்கத்தின் பக்கத்தை நடத்துபவருக்கு இது பண்பாடு மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும். 2021 சூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது எல்லோரும் போப்பியா என்று அழைக்கும் சட்டம், ஒருவருடைய மத நம்பிக்கை, இனம், உடல்நலம் ஆகியவற்றைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல்களாகக் கருதுகிறது. முற்றிலும் தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கு அச்சட்டம் விலக்கு அளித்தாலும், ஒரு நிறுவனத்தின் பக்கம் அந்த விலக்குக்குள் வராது.

விரிவுரையாளர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் தனியே சில சொல்ல வேண்டும். மாணவர்களைச் சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால், ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. பெண் மாணவர்கள் பலருக்குத் தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பிலேயே உள்ள கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவையோ சேனலையோ பயன்படுத்தினால் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. மதிப்பெண்களையும் மருத்துவச் சான்றிதழ்களையும் மூடில் போன்ற பல்கலைக்கழக இணையவழிக் கற்றல் தளத்திலோ மின்னஞ்சலிலோ மட்டும் கையாளுங்கள். தற்போது உங்களிடம் படிக்கும் மாணவருக்கு நீங்களாக நட்பு அழைப்பு அனுப்ப வேண்டாம். மறுப்பதற்கு அவருக்குத் துணிவு இருக்காது. தனிப்பட்ட கணக்கில் எழுதுவது பணியைத் தொடாது என்ற நம்பிக்கையும் தவறானது: முகநூலில் முதலாளியைப் பற்றி யாவரும் பார்க்கும்படி எழுதிய ஊழியர்கள் தனியுரிமை கோர முடியாது என்று தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சமரச, நடுவர் ஆணையம் 2011 இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

பாதிக்கப்பட்டால் உடனே பதில் எழுதாதீர்கள். அனுப்பியவரின் எண் அல்லது கணக்குப் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொலைபேசிக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பின்னர் அழித்துவிடலாம். வன்முறை மிரட்டலையும், ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சைபர் குற்றச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது இச்சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். தொடர் தொல்லைக்கு அருகிலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே பாதுகாப்பு ஆணை கோரலாம். மாணவர்களைப் பற்றிய இரகசியங்களையும் வதந்திகளையும் வெளியிடும், பெயர் மறைத்து நடத்தப்படும் கன்ஃபெஷன் பக்கங்களால் துன்புறுபவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அனுப்பியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும், அவருடைய விவரங்களைத் தரும்படி தகவல்தொடர்புச் சேவை நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரத்தை 2011 ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நீதிமன்றத்துக்கு வழங்கியிருக்கிறது. அந்தக் கோரிக்கையை மனுவிலேயே சேர்த்து எழுதுங்கள்.