ஒஹாயோவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டை: உங்கள் தோட்டா செல்லுமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், துப்பாக்கி வேட்டைக்கான நாட்களில் வெண்வால் மானைக் கைத்துப்பாக்கியாலும் சுடலாம். வேட்டை உரிமம், மான் அனுமதிச் சீட்டு எல்லாம் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இனி பார்க்க வேண்டியது மூன்று: குழலின் நீளம், குண்டின் (தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து செல்லும் பகுதி) விட்டம், தோட்டாக் கூட்டின் (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உலோக உருளை) வடிவம்.

முதலில் துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் குழலை அளந்து பாருங்கள். குறைந்தது 5 அங்குலம் வேண்டும். ரிவால்வர் என்றால் சுழலும் உருளையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கு முன்னால் இருக்கும் குழல் மட்டும்தான். பிஸ்டலில் தோட்டா அமரும் அறையையும் கழிக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் ‘5 அங்குலம்’ என்று விற்ற பிஸ்டல் இங்கே தேறாமல் போகலாம்.

அடுத்தது விட்டம்: 0.357 அங்குலம் அல்லது அதற்கு மேல். பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், அது பல நேரம் பொய் சொல்லும். 9 மி.மீ. தோட்டாவின் குண்டு 0.355 அங்குலம்தான், மயிரிழையில் தோற்றுவிடும். ‘38 ஸ்பெஷல்’ உண்மையில் 0.357. ‘44 மேக்னம்’ 0.429.

மூன்றாவது, கூடு நேர்ச்சுவராக இருக்க வேண்டும். வாய்ப்பக்கம் பாட்டில் கழுத்துபோல ஒடுங்கினால் ஆகாது. பலர் ஏமாறுவது ‘357 சிக்’ தோட்டாவில்தான். பெயரிலேயே 357 இருக்கிறதே என்று வாங்கிவிடுவார்கள். ஆனால் அதன் குண்டும் 0.355, கூடும் கழுத்துள்ளது. இரண்டு விதியிலும் தோல்வி!

சரி, எதை வாங்குவது? 38 ஸ்பெஷல் இந்த அளவுகளில் தேறினாலும் மானுக்கு அது பலவீனம். காயத்தோடு ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 44 மேக்னம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும், உதைப்பும் அப்படியே. புதியவர் கைக்கு 357 மேக்னம் போதும், ஆனால் மானை நன்றாக நெருங்கவிட்டுச் சுட வேண்டும். முழுக்க உலோக உறை போட்ட குண்டைத் தவிர்த்து, உடலுக்குள் விரியும் முனை கொண்டதை வாங்குங்கள்.

விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒஹாயோ வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பாருங்கள். ஆரஞ்சு மேலாடையையும் மறக்காதீர்கள், அதுவும் கட்டாயம்.