வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள்

போன தைப்பூசத்துக்கு முந்தின இரவு, பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றிருந்தேன். மோருக்கு வரிசையில் நின்ற ஒரு தம்பி விறைத்துக் கீழே சாய்ந்தார். கை கால் இழுக்க ஆரம்பித்தது. "காக்கா வலிப்பு, இரும்பக் குடு!" என்று யாரோ கத்த, ஒருவர் மோட்டார் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே வைக்கக் கரண்டியோடு ஓடி வந்தார். எல்லாருக்கும் நல்ல மனசுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாவியால் வலிப்பு நிற்காது. மூளையில் மின்சமிக்ஞைகள் கட்டுக்கடங்காமல் பாய்வதே வலிப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. கரண்டி அப்படியல்ல, கெடுதலே செய்யும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது; பல்தான் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் சிக்கலாம். கை காலை அமுக்கிப் பிடித்தால் மூட்டு நழுவலாம். நினைவு முழுதாகத் திரும்பும்வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்கவே கூடாது.

அன்று சரியாகச் செய்தவர், பந்தலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா. வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பு அடங்கியதும், எச்சில் வெளியே வழியட்டும் என்று ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ உடனே 999 (மலேசிய அவசர எண்) அழையுங்கள்.

தெளிந்ததும் அந்தத் தம்பி சொன்னார்: "ஒருவேளைச் சாப்பாட்டு விரதம்க்கா, காலை மாத்திரைய விட்டுட்டேன். ரெண்டு நாளா தூக்கமும் இல்ல."

என்னைக் கேட்டால் கரண்டியைவிடப் பெரிய தவறு இதுதான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். மாத்திரையோடு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். மாலை போடுமுன் டாக்டரிடம் பேசுங்கள். வேளையை மாற்ற முடியுமா என்று அவர் சொல்வார். பெண் பிள்ளைகளின் மாத்திரையைக் கல்யாணத்துக்காக ஒளித்து வைப்பதும் இதே ஆபத்துதான். சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடும். அதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பத்து வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளையைப் பகல்கனவு என்று அதட்டுகிறோம். அதுவும் வலிப்பாக இருக்கலாம். அடுத்த முறை கைப்பேசியில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள்.