ஓடித் தேய்வது குறைவு, நின்று கெடுவதே அதிகம்: மின்சார கார் பேட்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார கார் என்று பேச்செடுத்தாலே கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் முதலில் வரும் கேள்வி, "பேட்டரி போச்சுன்னா எவ்வளவு ஆகும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பேட்டரி எதனால் போகிறது என்பது. அது தெரியாமல் விலையை மட்டும் நினைத்துப் பயப்படுபவர்கள், காப்பாற்ற வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, தேவையில்லாத இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு மாவட்டங்களில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்ஸும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. வீட்டுக்கொருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கொருவர் அந்த வேலையில் இருப்பார். அதனால் ஸ்கூட்டரில் பார்த்ததை வைத்தே காரையும் எடைபோடுகிறார்கள். ஸ்கூட்டரில் இருப்பது 3, 4 யூனிட் (கிலோவாட் அவர்) மின்சாரம் கொள்ளும் பேட்டரி. பெரும்பாலும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. தினமும் ஓடினால் ஒன்றிரண்டு நாளுக்கொரு முறை முழுதாகக் காலியாகி முழுதாக நிறையும். காரில் பொதுவாக 25 முதல் 60 யூனிட் வரை இருக்கும். பெரும்பாலான கார்களில் பேட்டரிக்கடியில் கூலன்ட் ஓடுகிறது. ஸ்கூட்டர் பேட்டரி மூன்றாம் ஆண்டு தளர்ந்தது என்றால் கார் பேட்டரியும் தளரும் என்ற கணக்கு தப்பு.

சரியான கணக்கு இப்படி. 30 யூனிட் பேட்டரி, நிஜ ஓட்டத்தில் ஒரு முழு சார்ஜுக்கு 200 கி.மீ. என்று வைப்போம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை செல் 2,000 முழு சுற்றுக்கு மேல் தாங்கும். முழுதாக ஏறி முழுதாக இறங்குவது ஒரு சுற்று. கஞ்சத்தனமாக 1,500 என்றே எடுத்தாலும் 3 லட்சம் கி.மீ. ஆகிறது. நாளுக்கு 40 கி.மீ. ஓடுபவருக்கு அது 20 ஆண்டு. ஆக, ஓட்டித் தேய்க்க முடியாத ஒன்றை "ஓட்டினால் போய்விடும்" என்று பொத்திப் பொத்தி வைப்பதில் பயனில்லை.

பேட்டரியைத் தின்பது காலமும் சூடும். செல்லுக்குள் கிராஃபைட்டாலான எதிர்முனைப் பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கும். அது வளர வளர, ஓடியாட வேண்டிய லித்தியத்தை விழுங்கிக்கொள்கிறது. கார் நின்றாலும் இது நிற்காது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகிறது. முழு சார்ஜில் இருந்தால் இன்னும் வேகம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில், திரவக் குளிர்ச்சி இல்லாத நிஸான் லீஃப் கார்கள் 2012 வாக்கிலேயே கொள்ளளவை வேகமாக இழந்ததற்கு இதுதான் காரணம். சித்திரை வைகாசியில் நம்மூர் வெயிலும் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும் வெயில்தான்.

வெயிலில் நிறுத்துவது, நிரப்பியபடி நிறுத்துவது

இரண்டும் தனித்தனியாகச் சிறு தவறு. சேர்ந்தால் பெரிய தவறு. காலையில் 100 சதவீதம் ஏற்றி, ஆபீஸ் வாசலில் மாலை வரை வெயிலில் போடுவது. குடும்பத்தோடு ரயிலில் பத்து நாள் ஊருக்குப் போகும்போது "நிரப்பியே வைப்போம்" என்று விட்டுச் செல்வது. நீண்ட நாள் நிறுத்துவதானால் 40 முதல் 60 சதவீதத்தில் விட்டுப் போங்கள்.

மூன்று பக்கம் அடைத்த தகர ஷெட் நிழல்தானே என்று நினைக்க வேண்டாம், அது மதியத்தில் அடுப்பு. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போடலாம், அல்லது இரண்டு பக்கம் திறந்துவிடலாம். புளியமரத்தடி இன்னும் நல்லது. பெயின்ட்டுக்குக் காக்கை செய்யும் உபகாரம் தனிக் கணக்கு, பேட்டரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பெங்களூரிலிருந்து பகல் 3 மணிக்கு வந்து இறங்கியதும் பிளக்கைச் செருகுவதும் வேண்டாம். பேட்டரி அப்போதே சூடாக இருக்கும். காரிலோ அதன் செயலியிலோ டைமர் இருந்தால் இரவு 10, 11 மணிக்குத் தொடங்கும்படி வையுங்கள். புறப்படும் நேரத்தை ஒட்டி சார்ஜ் முடிவதே குறி.

80 சதவீத விதியை எல்லாக் காருக்கும் பொருத்துவது

"80-க்கு மேல் ஏற்றாதே" என்பது என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை பேட்டரிக்கு நல்ல அறிவுரை. இந்தியச் சாலையில் இப்போது ஓடும் மின்சார கார்களில் பெரும்பங்கு எல்.எஃப்.பி. இந்த வகையின் குணம், இடைப்பட்ட சார்ஜில் மின்னழுத்தம் ஏறாமல் இறங்காமல் செல்லுக்கு 3.2 வோல்ட் அளவிலேயே நிற்பது. 30 சதவீதமா 60 சதவீதமா என்று வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ்., உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து ஊகிக்கிறது. மாதக்கணக்கில் 80-லேயே நிறுத்திக்கொண்டிருந்தால் ஊகத்தில் பிழை சேரும். பிறகு ஒருநாள் காவேரிப்பட்டணம் தாண்டும்போது 18 என்று காட்டிய மீட்டர் சட்டென்று 6-க்கு இறங்கும். பேட்டரி செத்துவிட்டது என்று அலறுவார்கள். செத்தது கணக்குதான்.

தீர்வு எளிது. வீட்டுச் சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றி, பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் பிளக்கைப் பிடுங்காமல் விடுங்கள். செல்கள் ஒன்றுக்கொன்று சமன் ஆவது அந்தக் கடைசி நேரத்தில்தான். எத்தனை நாளுக்கொரு முறை என்பது கார் கையேட்டில் இருக்கும். உங்கள் காரில் எந்த வகை செல் என்பதையும் அதிலேயே பாருங்கள், இல்லையேல் விற்றவரிடம் கேளுங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு வகை மாறியதும் உண்டு.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு துணைக்குறிப்பு. ஓசூரைவிட கிருஷ்ணகிரி ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு. 1,500 கிலோ கார் அவ்வளவு இறங்கும்போது ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆற்றல் கிடைக்கிறது, அதில் ஒரு பங்கைப் பேட்டரி திரும்பப் பெறும். 100 சதவீதத்தில் கிளம்பினால் வாங்கிவைக்க உள்ளே இடமிருக்காது. மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரத்தைத் திருப்பும் மின்பிரேக்கின் பிடிப்பும் குறைவாக இருக்கும். 90-இல் கிளம்பினால் போதும். தருமபுரியிலிருந்து சேலம் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. தொப்பூர் கணவாய் வருவதற்குள் வேண்டிய இடம் காலியாகியிருக்கும். அங்கே மின்பிரேக்கை அதிக நிலையில் வைத்து இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டினால் ஒரு யூனிட்டும் திரும்பாது, கால் பிரேக்தான் காயும்.

வேகச் சார்ஜரைப் பற்றிய பயம் பாதி மிகை. 30 யூனிட் பேட்டரிக்கு 30 கிலோவாட் சார்ஜர் பெரிய கொடுமை அல்ல. நெடுஞ்சாலையில் மூச்சுப் பிடிக்க ஓட்டி, சூடு தணியாமல் ஏற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி ஏற்றுவதுதான் கெடுக்கும். மதியத்தில் 30 கிலோவாட் காட்ட வேண்டிய இடத்தில் 15 காட்டினால் சார்ஜர்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், சூட்டைப் பார்த்து உங்கள் கார்தான் குறைத்துக் கேட்கிறது. 80 ஆனதும் கிளம்பிவிடுங்கள், மிச்ச 20-க்கு ஆகும் நேரத்தில் டீயும் போண்டாவும் இரண்டு முறை ஆகிவிடும்.

வீட்டு ஒயரிங்கில் மிச்சம் பிடிப்பது

சார்ஜர் பழுது என்று வரும் புகார்களைத் தோண்டினால் பல நேரம் எர்த்தில் போய் நிற்கும். கிருஷ்ணகிரி வட்டாரம் கருங்கல் பூமி. கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியின் மின்தடை கூடிவிடும். கார் அதைக் கண்டுபிடித்து சார்ஜை நிறுத்திவிடும், நள்ளிரவில், நீங்கள் தூங்கும்போது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். காருக்கெனத் தனி எர்த் குழி போடுவது நல்லது, 5 ஓமுக்குள் வரவேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

3.3 கிலோவாட் சார்ஜர் என்பது 15 ஆம்பியர், விடாமல் 8, 9 மணி நேரம். அயர்ன்பாக்ஸ் பாயிண்ட்டோடு இதை ஒப்பிடக் கூடாது, அயர்ன்பாக்ஸ் விட்டு விட்டு இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்), தரமான தொழிற்சாலை வகை சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர். 6 சதுர மி.மீ., தூரம் அதிகமானால் 10. அதற்குமுன் மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்.

தோட்டத்து மோட்டார் சர்வீஸிலிருந்து ஒயர் இழுப்பது இங்கே சகஜமாகப் பேசப்படும் யோசனை. விவசாயத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரம் காருக்கு அல்ல. பிடிபட்டால் அபராதக் கணக்கு சேமித்ததை எல்லாம் விழுங்கும். பக்கத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் தாழ்ந்து, சார்ஜர் விட்டு விட்டு அணைவது வேறு.

விலையைச் செய்தியில் படித்துப் பெருக்குவது

ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவு சொன்ன 2024-ஆம் ஆண்டு உலக சராசரி, பேட்டரி பேக் (செல்கள் எல்லாம் சேர்ந்த முழு பேட்டரி) யூனிட்டுக்கு 115 டாலர். ரூபாயில் 9,800 அளவு. 30 யூனிட்டுக்கு 3 லட்சம்தானே என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அது மொத்தமாக வாங்கும் கார் கம்பெனிக்கான விலை. சர்வீஸ் சென்டரில் உதிரிபாகமாக வரும்போது நிறுவன லாபம், போக்குவரத்து, கூலி எல்லாம் ஏறும். வரியும் வேறு. முழுக் காராக வாங்கினால் 5 சதவீத ஜி.எஸ்.டி., பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் இன்றைய பேக் விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கோளாறு என்றாலே முழு பேக்கும் போச்சு என்று நினைப்பது. 320 வோல்ட் பேக் என்றால் 100 செல் வரிசை. அதில் ஒன்று தளர்ந்தாலும் மொத்தமும் தளர்ந்ததுபோல் காட்டும். ஒரு மாட்யூல் (செல்களின் ஒரு கட்டு), கான்டாக்டர் (பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்ச்), ஃபியூஸ், பி.எம்.எஸ். போர்டு, கூலன்ட் குழாய் என்று தனியாக மாற்றக்கூடிய பாகங்கள் பல. முழு பேக் என்று மதிப்பீடு தந்தால், எந்தப் பிழைக் குறியீடு, எந்த மாட்யூல், செல் வோல்டேஜ் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். ஆனால் திறந்து பார்க்கும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். வாரண்டி போவது பிறகு, 320 வோல்ட் டிசி உயிரை வாங்கும்.

ஓட்டச் செலவிலும் ஒரு ஓட்டை. வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. காரின் யூனிட்டுகள் வீட்டு உபயோகத்துக்கு மேலே போய் உட்காரும், ஆகவே மேல் அடுக்கின் விலையில்தான் கணக்கிட வேண்டும். யூனிட் 9 ரூபாய், யூனிட்டுக்கு 7 கி.மீ., சார்ஜ் இழப்பு 12 சதவீதம் என்றால் கி.மீ.க்கு 1.45 ரூபாய். லிட்டர் 100 ரூபாய், 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு 6.67. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் 78,000 மிச்சம், எட்டு ஆண்டில் 6 லட்சத்துக்கு மேல். வெறும் 4,000 கி.மீ. ஓடுபவருக்கு ஆண்டுக்கு 21,000 மட்டுமே. அவருடைய பேட்டரியும் அதே வேகத்தில் மூப்படைகிறது. கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கும் வண்டியாக மின்சார காரை வாங்குவது எங்கள் பார்வையில் தப்பான கணக்கு.

வாரண்டி, வெள்ளம், பழைய கார்

பொதுவாகக் கிடைப்பது 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முந்துகிறதோ அது. "வாழ்நாள் வாரண்டி" என்று விளம்பரம் வருவது பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், டாக்ஸி பதிவுக்கு உண்டா, எந்த சர்வீஸைத் தவறவிட்டால் ரத்தாகும் என்ற மூன்றையும் வாரண்டிப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதைப் பார்த்தோம். பேட்டரிக்கு ஐ.பி.67 எனும் நீர்புகாத் தரம் என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம், அதுவும் ஆய்வகத்தில், புது ரப்பர் சீலோடு. இரவு முழுக்கச் சேற்று நீரில் கிடப்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கயிறு கட்டி இழுக்காதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாமல் தட்டு லாரியில் ஏற்றுங்கள். பேட்டரிக்கும் நீர்ச்சேதத்துக்கும் இன்சூரன்ஸில் தனி ஆட்-ஆன் இருக்கிறதா என்று புதுப்பிக்கும்போதே பாருங்கள். மாந்தோப்புப் பாதையில் அடிப்பாகம் கல்லில் தட்டினால் அன்றே படமெடுத்து, பேட்டரித் தட்டில் பள்ளமோ கூலன்ட் கசிவோ உண்டா என்று தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர் ஓடோமீட்டரைப் பார்த்து ஏமாறுவார். ஆறு ஆண்டில் 18,000 கி.மீ. மட்டும் ஓடிய கார், பெட்ரோல் உலகில் அதிர்ஷ்டம். இங்கே அது ஆறு ஆண்டு வெயிலில் நின்ற பேட்டரியாக இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் எஸ்.ஓ.எச். எனும் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். பிறகு 100 வரை ஏற்றி, ஏசி போட்டு, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய்த் திரும்பி வாருங்கள். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம், ஒரு பக்க ஓட்டத்தை வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தப்பு வரும். மொத்தக் கி.மீ.யையும் செலவான சதவீதத்தையும் குறித்தால், முழு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்பது கைக்கணக்கில் வந்துவிடும்.

கார் திடீரென்று திறக்கவே மறுத்தால் முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரியைப் பாருங்கள். பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டருக்கு உயிர் தருவது அதுதான். மூன்று நான்கு ஆண்டில் அது ஓய்வது இயல்பு, மாற்றச் சில ஆயிரங்கள் போதும். பெரிய பேட்டரியை ஒருநாள் உண்மையிலேயே மாற்ற நேர்ந்தால், பழையதைப் பழைய இரும்புக்கடைக்கு விடாதீர்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. 70 சதவீதம் மிச்சமுள்ள பேக் சோலார் மின்சாரத்தைச் சேமிக்க இன்னும் உதவும், அதற்கு விலை உண்டு. புது பேக்குக்கான மதிப்பீட்டிலேயே, பழையதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.