வேர்டில்ல ஸ்ட்ரீக் உடையாம ஆடறது எப்படி

முதல் வார்த்தை எது போடலாம்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, ஆனா ஸ்ட்ரீக், அதாவது தினமும் விடாம ஜெயிச்சுட்டு வர்ற கணக்கு, உடையறது பெரும்பாலும் அதுக்கப்புறம் அவசரத்துல போடற வார்த்தைங்களாலதான். 2021ல ஜோஷ் வார்டில்ங்கிறவர் இந்த ஆட்டத்த வெளியே விட்டப்பவும் சரி, 2022ல நியூயார்க் டைம்ஸ் வாங்குனப்புறமும் சரி, ஆட்டம் அதேதான், ஒளிஞ்சிருக்கிற அஞ்சு எழுத்து இங்கிலீஷ் வார்த்தைய ஆறு சான்ஸ்ல கண்டுபிடிக்கணும். எழுத்து சரியான இடத்துல இருந்தா பச்சை, வார்த்தைல இருந்தும் இடம் தப்புன்னா மஞ்சள், இல்லவே இல்லன்னா சாம்பல்.

முதல் வார்த்தைக்கு ஸ்லேட், கிரேன் ரெண்டுமே நல்லது. அடியூ (adieu) போட்டா நாலு வவல் ஒரே அடில செக் ஆயிடும்னு நிறைய பேர் போடறாங்க, எனக்கு அது பிடிக்கல, ஏன்னா வவல் தெரிஞ்சாலும் வார்த்தை பிடிபடாது, எஸ், ஆர், எல், என், டைகர்ல வர்ற டி, இதுங்கதான் லிஸ்ட்ட சட்டுனு குறைக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஸ்லேட் போட்டீங்க, டி மட்டும் மஞ்சள். அடுத்து நைட் (night) போட்டீங்க, என் மட்டும் சாம்பல், மிச்சம் நாலும் பச்சை. சந்தோஷமா இருக்கும், ஆனா இங்கதான் மாட்டுவோம், ஏன்னா ஃபைட், மைட், ரைட், டைட் நாலுமே பொருந்துது, ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா ஆறாவது சான்ஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். அதுக்குப் பதிலா மூணாவதா ஃபோரம் போடுங்க. அது பதில் இல்லன்னு தெரிஞ்சேதான் போடறோம். எஃப் பச்சையானா ஃபைட், ஆர் மஞ்சளானா ரைட், எம் மஞ்சளானா மைட், எதுவுமே இல்லன்னா டைட். நாலாவதுல கண்டிப்பா முடிஞ்சிடும். ஒரே எழுத்து மட்டும் மாறுற மாதிரி மூணு நாலு வார்த்தை கண்ணுல பட்டாலே இந்த வேலைய செஞ்சிடுங்க, ஒரு சான்ஸ் போனாலும் பரவால்ல. ஹார்ட் மோட்ல மட்டும் இது நடக்காது, கிடைச்ச க்ளூவ அடுத்த கெஸ்லயும் வச்சே ஆகணும், அதனால ஹார்ட் மோட் ஆடறவங்க நாலு பச்சை வர்றதுக்கு முன்னாடியே இத யோசிக்கணும்.

டபுள் லெட்டர மறக்காதீங்க. ஸ்லீப் போட்டு ஒரு இ பச்சை, இன்னொரு இ சாம்பல்னா பதில்ல ஒரே ஒரு இ தான். ஆனா ஒரே ஒரு இ போட்டு அது பச்சையாச்சுன்னா இன்னொன்னு இருக்கலாம், அத யாரும் யோசிக்கிறதே இல்ல. வவல் எதுவும் சிக்கலன்னா கடைசி எழுத்தா ஒய் வச்சுப் பாருங்க, அப்படி முடியற பதில் நிறைய. எஸ் சேத்த ப்ளூரல் பதிலா வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா எழுத்து செக் பண்ண தாராளமா போடலாம்.

மஞ்சள் எழுத்த அதே இடத்துல திரும்ப வைக்கிறது, சாம்பல் எழுத்த மறுபடி போடறது, ரெண்டும் அவசரத்துல வர்றதுதான். டைமர் எதுவும் கிடையாது, உங்க ஊர் டைம்ல நைட்டு பன்னெண்டு அடிச்சாதான் அடுத்த பசில் வரும், அதனால நாலாவதுல மாட்டிக்கிட்டா அப்படியே வச்சுட்டு சாயங்காலம் வந்து பாருங்க.