பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து: பார்க்கப் போகும் தமிழருக்குச் சில குறிப்புகள்

வாளையாறு தாண்டி ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கம் போனால், பகவதி கோயில் மைதானங்களில் நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று தனியாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. அந்தத் திறப்பு ஊரைப் பார்த்து இருக்காது, அம்மன் சந்நிதியைப் பார்த்துத்தான் இருக்கும். இதுதான் கூத்துமாடம். ஆண்டில் பாதிக்கு மேல் வெறுமனே கிடக்கும் இந்த மாடத்தில், தை முதல் சித்திரை வரை இரவு முழுக்கக் கம்பராமாயணம் நடக்கும். தோல்பாவையை ஆட்டிப் பாடுகிறவர்களுக்குப் புலவர் என்று பெயர். வீட்டில் பேசுவது மலையாளம், மாடத்தில் பாடுவது தமிழ்ச் செய்யுள்.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். இந்தக் கூத்து மனிதர்களுக்காக நடப்பதில்லை. இராமன் இராவணனோடு போர் செய்த நேரத்தில் பத்ரகாளி தாருகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். இராவண வதத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அவளுக்காகவே ஆண்டுதோறும் இதை நடத்துகிறார்கள் என்பது ஐதீகம். அதனால் மைதானத்தில் ஒரு நாற்காலிகூட இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். நள்ளிரவு தாண்டினால் நீங்களும் இரண்டு நாய்களும் மட்டும் மிஞ்சலாம். ஆள் இல்லையே, நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதோ என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

எப்போது, எந்த ராத்திரி

மலையாள மாதம் மகரம் என்றால் நம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை. இரண்டுமே சூரிய மாதங்கள்தான், ஒரு நாள் முன்பின் இருக்கும், அவ்வளவே. கோயில் நோட்டீஸில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு போட்டிருப்பார்கள். ஆங்கில ஆண்டிலிருந்து 825-ஐக் கழித்தால் கிடைக்கும். ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்த பிறகு 824-ஐக் கழிக்க வேண்டும். ஏழு நாள், பதினான்கு, இருபத்தொன்று, நாற்பத்தொன்று என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு மாறும். ஷொர்ணூர் பக்கத்துக் கவளப்பாறை ஆரியங்காவு பகவதி கோயிலில் இருபத்தொரு இரவு நடக்கும். பெரும்பாலும் கோயிலின் பூரத் திருவிழாவோடு சேர்த்தே நாள் குறிப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் தேதியை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். அந்தத் திருவிழா நட்சத்திரக் கணக்கில் வருவதால் ஆண்டுக்காண்டு நகரும். தேவஸ்வம் என்னும் கோயில் நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றே வழி. கேட்கும்போது "கூத்து தொடங்ஙியோ, இந்நு ஏது பாகமாணு?" என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் "எந்தப் பாகம்" என்பதை விடாமல் கேட்டு வாங்குங்கள். முழு ஓட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு பகுதி என்று கதை போகும். எந்த இரவு என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் பார்ப்பது ஆட்டமா, விடிய விடியப் பேச்சா என்பது இருக்கிறது.

பல கோயில்களில் கதை பஞ்சவடியில் தொடங்கி, பட்டாபிஷேகத்தில் முடியும். முதல் தடவை போகிறவர் கும்பகர்ணன், இந்திரஜித் வரும் இரவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். போர்க்காட்சி வந்தால் பாவைகள் அதிகம் அசையும், அம்பு பறக்கும், மேளம் கூடும். சபைப் பேச்சு வரும் இரவுகளில் பாவைகள் திரையில் குத்தி நிறுத்தியபடியே மணிக்கணக்கில் இருக்கும். பின்னால் புலவர்கள் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு புராணம், தர்க்கம், கிளைக்கதை என்று எங்கெங்கோ போய் வருவார்கள். கம்பனை ஓரளவு படித்தவருக்கு இந்த இரவுகள்தான் விருந்து. மற்றவருக்குத் தூக்கம் வரும்.

கடைசி நாளான பூரத்தன்று போவதை மட்டும் தவிர்க்கச் சொல்வோம். யானை, பஞ்சவாத்தியம், வெடி, நெரிசல் எல்லாவற்றுக்கும் நடுவில் பாட்டு காதில் விழாது. பூரம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகப் போங்கள்.

கோவையிலிருந்து ஷொர்ணூர் ரயிலில் சுமார் 100 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். ஒற்றப்பாலம் அதற்கு முந்திய ஊர். தங்க இரண்டிலும் சிறிய லாட்ஜுகள் உண்டு, வசதி வேண்டுமென்றால் பாலக்காடு டவுன். கூத்து தொடங்கவே இரவு ஒன்பது, பத்து ஆகும். அதற்குப் பிறகு கிராமத்திலிருந்து பஸ் கிடைக்காது. திரும்பி வர ஆட்டோக்காரரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் விடியும்வரை இருப்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். இரண்டாவதுதான் நல்லது.

காதுக்கு வழிகாட்டி: எதுகை

தமிழ்தானே, கேட்டால் புரியும் என்று போகிறவர்கள் முதல் அரை மணியிலேயே திணறுவார்கள். இழுத்துப் பாடும் முறையும் மலையாள உச்சரிப்பும் சேர்ந்து சீர்பிரிப்பை மறைத்துவிடும். இடையிடையே விளக்கம் பாதி தமிழ், பாதி மலையாளமாக வரும். கம்பன் பாட்டு அல்லாத செய்யுள்களும் கலந்து வரும். இதற்கு ஒரு வழி உண்டு. அன்றைய பாகம் எந்தப் படலம் என்று பார்த்து, மாலையிலேயே அதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். கும்பகருணன் வதைப் படலம், நாகபாசப் படலம், இந்திரசித்து வதைப் படலம் என்று யுத்த காண்டத்தில் தனித்தனியாகவே இருக்கும். பிறகு மைதானத்தில் உட்கார்ந்து சொற்பொருளைத் தேடாமல் எதுகையை மட்டும் பிடியுங்கள். உதாரணமாக, கும்பகர்ணனை எழுப்பும் இடத்தில் உறங்கு, இறங்கு, கறங்கு என்று அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வந்து விழும். நான்கு அடியில் இரண்டு காதில் பிடிபட்டால் போதும், செய்யுள் எது என்று தெரிந்துவிடும். பிடிபடாததை முதல் சொல்லோடு நேரத்தையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முதற்குறிப்பு அகராதி சேர்த்த பதிப்பு கையில் இருந்தால் மறுநாள் தேடிக்கொள்ளலாம்.

போனில் வாசிப்பதானால் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். இருட்டில் அந்த நீல வெளிச்சம் உங்கள் கண்ணையே கூசச் செய்து, திரையில் இருக்கும் நிழலை மங்கடித்துவிடும்.

அன்றிரவு நடப்பது

சந்நிதியில் ஏற்றிய விளக்கை மேளத்தோடு மாடத்துக்குக் கொண்டுவருவார்கள். வெளிச்சப்பாடு என்னும் சாமியாடி வந்து அருள் சொல்வார். இதற்கு முன்பே போய்ச் சேருங்கள். திரை மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு. மாடம் ஏறக்குறைய 42 அடி நீளம். திரைக்குப் பின்னால் ஒரு நீண்ட பலகையில் இருபத்தொரு தேங்காய் மூடிகளை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரிப்பார்கள். கணபதி வணக்கம், பட்டர் (பிராமணர்) பாவைகள் வந்து செய்யும் வந்தனம், குருவந்தனம் எல்லாம் முடிந்து கதை தொடங்கவே நேரமாகும்.

ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டம் பார்த்துப் பழகியவர்கள் வண்ணத்தை எதிர்பார்ப்பார்கள். அங்கே தோலைக் கண்ணாடி போலப் பதப்படுத்துவதால் சிவப்பும் பச்சையும் திரையில் தெரியும். இங்கே தோல் தடிப்பு, ஒளி ஊடுருவாது. உருவம் கறுப்பாக விழும், உளியால் குத்திய ஓட்டைகள் வழியாக மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்து கிரீடத்தையும் நகையையும் வரையும். அதனால் மிகவும் தள்ளி உட்கார்ந்தால் வெறும் கறுப்பு உருவம்தான் தெரியும். பதினைந்து, இருபது அடிக்குள் உட்காருங்கள். நடுவில் உட்காருவதைவிடச் சற்று ஓரமாக இருப்பது நல்லது. சந்நிதிக்கும் மாடத்துக்கும் நடுவிலான நேர்கோட்டை மறிக்காமல் இருப்பது மரியாதை.

தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். திரை படபடக்கும், சுடர் சாயும், நிழல் நடுங்கும். ஒரு பாவையை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு பார்த்தால் அது அசைகிறதா, சுடர் அசைகிறதா என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். புலவர் ஆட்டினால் பெரும்பாலும் ஒரு கை மட்டும்தான் உயரும். காற்று ஆட்டினால் எல்லா உருவமும் சேர்ந்து ஆடும். பாய், கம்பளி, டார்ச், கொசுவர்த்தி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கடையில் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) கிடைக்கும், ஆனால் பதினொன்றுக்கு மேல் கடை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

படம் எடுக்கிறவர்களுக்கு: பிளாஷ் கூடவே கூடாது. மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம், முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் நிழலே மறைந்து வெறும் அழுக்குத் துணிதான் படத்தில் வரும். போனில் நைட் மோடு பல நொடிகளைச் சேர்த்து எடுப்பதால் கை ஓங்கிய பாவை மங்கலாகக் கரைந்துவிடும். புரோ மோடுக்கு மாற்றி, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஷட்டர் 1/60 அளவில் வைத்துப் பாருங்கள். ஒயிட் பேலன்ஸை 2800 கெல்வின் பக்கம் நிறுத்தினால் விளக்கின் மஞ்சள் திரையைத் தின்றுவிடாது. ஒலிப்பதிவுக்கு மைக்கில் பஞ்சுறை கட்டாயம், இல்லையென்றால் காற்றைத்தான் பதிவு செய்து வருவீர்கள். ஒலி அளவைப் பாட்டுக்கு ஏற்ப வைக்காமல் நன்றாகக் குறைத்து வையுங்கள். செண்டையும் இலத்தாளமும் திடீரென்று ஏறும், நேர்த்திக்காகப் போடும் வெடிவழிபாடு சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும்.

உள்ளே போவது, பணம், பாவை வாங்குவது

கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், வேட்டி கட்டிப் போனால் வம்பில்லை. கூத்துமாடம் மதிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே சட்டையோடு உட்காரலாம். திரைக்குப் பின்னால் பார்க்க ஆசை வரும், வரத்தான் வேண்டும். அங்கேதான் முழுக் கூத்தும் நடக்கிறது: எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஒருவர், முறை வரும்வரை தலைசாய்த்திருக்கும் இன்னொருவர், அடுத்த காட்சிக்கு அடுக்கி வைத்த பாவைகள். ஆனால் தொடக்கச் சடங்கின்போதோ போர்க்காட்சியிலோ கேட்காதீர்கள். நீண்ட விளக்கம் ஓடும்போது மூத்த புலவரிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஓரமாக உட்காருங்கள். பாவையைத் தொடவோ தாண்டவோ கூடாது. எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் துப்பட்டாவும் கேமரா வாரும் தொங்கவிடுவது ஆபத்து. வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்க நினைத்தால் தேவஸ்வம் கவுண்டரில் வழிபாடாகக் கட்டி ரசீது வாங்குங்கள். பெயர், நட்சத்திரம் கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லிக் கூத்துக்கு நடுவிலேயே வாழ்த்துவார்கள். புலவருக்குத் தனியாகத் தட்சிணை கொடுப்பதானால் விடியற்காலை ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது நோட்டை நீட்டுவது நம்மூர்த் திருமணக் கச்சேரிப் பழக்கம், இங்கே வேண்டாம்.

இரவில் முடியாதவர்கள் ஷொர்ணூர் அருகே கூனத்தறைக்குப் பகலில் போகலாம். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குடும்பத்தினர் அங்கே பாவை செய்கிறார்கள், கற்றும் கொடுக்கிறார்கள். தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்து, மயிரைச் சுரண்டி, உருவம் வரைந்து, பலவகை முனை கொண்ட உளிகளால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்துவதை அருகிலிருந்து பார்க்கலாம். முன்பு மான்தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆட்டுத்தோல், மாட்டுத்தோல்தான். எங்கேயாவது யாராவது "பழைய மான்தோல் பாவை" என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். பொய்யென்றால் பணம் போகும், நிஜமென்றால் வழக்கு வரும். புதுப் பாவை வாங்கினால் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவாருங்கள். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் தோல் விளிம்பு சுருண்டு, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும்போது கண்ணாடியில் தோல் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் மட்டும் தூசி தட்டுங்கள்.

மாசியில் போகிறவர்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படை எந்த நாள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். படையெடுத்து வந்த கொங்கு மன்னன் தோற்றுப்போன கதையைத்தான் அங்கே கொண்டாடுகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் போய்ப் பார்ப்பதற்குத் தடையேதும் இல்லை.