படம் எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு: ஸ்கேன் சென்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: எவ்வளவு ஆகும், ரிப்போர்ட் எப்போது கிடைக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எம்ஆர்ஐ மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா என்றும் விசாரிப்பார்கள். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதப்போகிற டாக்டர் யார் என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்கேன் சென்டரை போட்டோ ஸ்டுடியோ என்று நினைத்துவிடுகிறோம். அங்கே நாம் செய்கிற தவறுகள் பலவும் இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

சிடி, எம்ஆர்ஐ அறையில் நம்மைப் படுக்கவைத்து மெஷினை இயக்குபவர் டெக்னீசியன். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் வேறோர் அறையில், ராத்திரி நேரமானால் சில சமயம் வேறோர் ஊரிலேயே, திரையின் முன் உட்கார்ந்திருப்பார். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேலும் மூன்று ஆண்டுகள் எம்.டி. படித்து வருபவர்கள் இவர்கள். ஜி.எச். எனப்படும் சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு ரேடியாலஜி நிலையம் 1934லேயே திறக்கப்பட்டுவிட்டது. இந்தத் துறை சென்னைக்கு நேற்று வந்ததல்ல. ஆனாலும் டெக்னீசியனிடம் “ஒன்றும் பயமில்லையே?” என்று கேட்கிற பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. பாவம், அவர் என்ன சொல்வார்? சொன்னாலும் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் மட்டும் வேறு மாதிரி. டாக்டரே கருவியைக் கையில் பிடித்து, பார்த்துக்கொண்டே முடிவெடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் கண்ணில் படாதது பிறகு எந்தப் படத்திலும் இருக்காது. இதில் மெஷினைவிடக் கைதான் முக்கியம் என்பது என் கட்சி.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்வது. “வயிற்று வலி” என்று ஒற்றை வரி எழுதிய சீட்டை நீட்டிவிட்டு, மீதியை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று சோதித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு முன் காசநோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர் என்று தெரிந்தால், ஆறிய தழும்பாக இருக்கலாம் என்ற கோணத்தில் ரேடியாலஜிஸ்ட் பார்ப்பார். தெரியாவிட்டால் சளிப் பரிசோதனை, உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி, திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வரை பேச்சு நீளும். காசநோய் வந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நம் வீடுகளில் குறைவில்லை. வலி எங்கே, எத்தனை நாளாக, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது, என்ன மாத்திரை போடுகிறீர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கவுண்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

பழைய படங்களும் அப்படித்தான். நுரையீரலில் சிறு முடிச்சு ஒன்று தெரிந்தால், அது இரண்டு வருடமாக அதே அளவில் இருக்கிறதா, ஆறு மாதத்தில் வளர்ந்ததா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பீரோ மேல் கிடந்து, சென்னைப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஃபிலிமால் பயன் குறைவு. ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதைவிட மோசம். சிடி ஸ்கேன் ஒன்றில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சாவது அதில் கொஞ்சம்தான். முழுப் படங்களும் அடங்கிய கம்ப்யூட்டர் வட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

தயாரிப்பு விஷயத்தில் நம் ஊரின் எதிரி காபி. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், “சாப்பிடவில்லை, ஒரு வாய் காபிதான்” என்பார்கள். பாலில் இருக்கும் கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் சின்னக் கற்கள் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீரை அடக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி அலைகள் கர்ப்பப்பைக்குப் போக வழிவிடும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுக்கிற நாளில் அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரிந்து குழப்பும். கான்ட்ராஸ்ட் ஊசி என்றால் ஆஸ்துமா, முன்பு வந்த அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய்க்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

எம்ஆர்ஐ காந்தம் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018இல் மும்பையில் நோயாளியுடன் வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய், காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். தாலியையும் மெட்டியையும் நினைவாகக் கழற்றுகிறவர்கள் புடவை மடிப்பில் குத்திய சேஃப்டி பின்னை மறந்துவிடுகிறார்கள். பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப் இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

ரேடியாலஜிஸ்டுகளுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. மூளை, மூட்டு, மார்பகம், கரு என ஒவ்வொன்றையும் தினமும் பார்த்துப் பழகியவரின் கண் வேறு. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு நிபுணரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கருவின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்குத் தேடத்தான் வேண்டும். அதை 18 முதல் 22 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சீமந்தம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், குறை தெரிந்தாலும் கர்ப்பத்தைத் தொடர்வதா என்று முடிவெடுக்க அவகாசம் சுருங்கிவிடும். அங்கே அடையாள அட்டை கேட்பதும் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது. ஆணா பெண்ணா என்று ஜாடையாகக்கூடக் கேட்காதீர்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் லிஃப்டில் நின்றுகொண்டே கூகுளில் தேடுவது அடுத்த வினை. மேமோகிராம் ரிப்போர்ட்டில் “பை-ராட்ஸ் 4” என்று பார்த்துவிட்டு, நான்காம் கட்டப் புற்றுநோய் என்று முடிவுகட்டி அழுபவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கும் நோயின் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகம் இருக்கிறது, பயாப்சி செய்து பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 முதல் 95 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். முதுகு எம்ஆர்ஐயில் “டிஸ்க் பல்ஜ்” (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் பகுதி பிதுங்கியிருப்பது) என்ற சொல்லும் இப்படித்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் அது இருக்கிறது. படத்தில் தெரிவதும் வலிக்குக் காரணமாவதும் ஒன்றல்ல.

ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் இன்னொரு சென்டருக்கு ஓடி மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள். சிடி என்றால் கதிர்வீச்சும் இரண்டு மடங்கு, செலவும் இரண்டு மடங்கு. பல நேரங்களில் அதே வட்டை அந்தப் பிரிவில் பழகிய இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாலே போதும். அதற்கும் முன்னால், கையெழுத்துப் போட்ட டாக்டரிடமே பேச வேண்டும் என்று ரிசப்ஷனில் கேட்டுப் பாருங்கள். நேரம் ஒதுக்கித் திரையில் காட்டி விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.